நோவாக் அம்மாவின் பன்னிரண்டு மணி

முத்துராஜ் என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார். மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஒரு புரோட்டாக் கடையின் மாடியில் ஜெர்மன் மொழி வகுப்பு நடத்துகிறவர் அவர். நர்சிங் முடித்த பெண்கள் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, கீழேயிருந்து வருகிற சால்னா வாசனையில் ஜெர்மன் இலக்கணம் படிக்கிறார்கள். வகுப்பு தொடங்கி ஐந்து வருடம் ஆனதற்கு ஒரு மலர் போடுகிறாராம்.

"மேடம், நீங்க அங்கன பதினாலு வருஷம் இருந்திருக்கீங்க. நம்ம பிள்ளைகளுக்கு ஊக்கமா ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. பனி, டிரெயினு, சுத்தம், அந்த மாதிரி."

"கஷ்டத்த எழுதலாமாய்யா?"

"தாராளமா எழுதுங்க. ஆனா முடிவு நல்லபடியா இருக்கணும்."

முடிவு நல்லபடியாகத்தான் இருந்தது, எனக்கு. அதை எழுத உட்கார்ந்தபோதுதான் பேனா நகரவில்லை.

என் பெயர் கோமதி. சொந்த ஊர் மேலகரம். அப்பாவுக்கு இரண்டு போகம் விளைகிற வயல் இருந்தது. அண்ணன்மார் இரண்டு பேரும் போலீஸுக்குப் போனார்கள், நான் திருநெல்வேலிக்கு நர்சிங் படிக்கப் போனேன். படித்த மூன்று வருடத்தில் என்ன கற்றேன் என்று கேட்டால், நின்றுகொண்டே தூங்கவும், திட்டு வாங்கும்போது தரையைப் பார்க்கவும் கற்றேன் என்றுதான் சொல்வேன். பிறகு தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம். மகள் பிளஸ் டூ படிக்கும்போது அவள் அப்பா போய்விட்டார். மாரடைப்பு. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, என் கண் முன்னால்.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஜூனியராக இருந்தவள் ஷைலா. எல்லையோரப் புளியறைக்காரி. தமிழ் பேசினால் நடுவில் மலையாளம் வரும், மலையாளம் பேசினால் நடுவில் தமிழ் வரும். அவள்தான் எனக்கு முன்னால் ஜெர்மனிக்குப் போய், "சேச்சி, இங்கன ஆளு பத்தல, வாங்க" என்று கூப்பிட்டாள். நாற்பத்தாறு வயதில் சின்னப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஜெர்மன் படித்தேன். ஒரு தேர்வில் தோற்றேன், அடுத்ததில் தேறினேன். போனேன்.

நான் போனது பெரிய நகரமில்லை. கிழக்கே, போலந்து எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சந்தைத் திடல், இரண்டு சர்ச், ஒரு முதியோர் இல்லம், அதன் பின்னால் வயல். ஊருக்குள் நுழையும் இடத்தில் பெயர்ப்பலகை. மேலே ஜெர்மனில் ஊர்ப் பெயர், கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பாஷையில் இன்னொரு பெயர். அந்தக் கீழ்ப்பெயரின் மேல் யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"அது சோர்பியர் பாஷை சேச்சி" என்றாள் ஷைலா. "ஜெர்மன்காரன் வரதுக்கு முன்னாலேயே இங்கன இருந்த ஜனம். இப்ப கொஞ்சம் பேருதான். யாராவது பெயின்ட் அடிப்பாங்க, முனிசிபாலிட்டி வந்து துடைக்கும், மறுபடி அடிப்பாங்க."

மலையாள எல்லையில் இருக்கிற செங்கோட்டைக்காரர்களை ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து ஆள் என்று இங்கேயும், இந்தப் பக்கத்து ஆள் என்று அங்கேயும் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதனால் அந்தப் பலகை எனக்குப் பெரிய ஆச்சரியமாக இல்லை. நம்மூரிலும் உண்டு என்று நினைத்துக்கொண்டு சூட்கேசை இழுத்துக்கொண்டு போனேன்.

என் இருபத்திரண்டு வருட அனுபவம் அங்கே செல்லாது. ஒரு வருடம் உதவியாளராக வேலை பார்க்க வேண்டும். இல்லத்தின் தலைமை நர்ஸ் நம்மைக் கவனித்து, இவள் நர்ஸ்தான் என்று மதிப்பீடு எழுதித் தரவேண்டும். அதன் மேல்தான் அரசாங்கத்தின் அங்கீகாரச் சான்றிதழ். அது வராவிட்டால் விசா முடியும்போது பெட்டி கட்ட வேண்டியதுதான். மதுரையில் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். எனக்குப் பெட்டி கட்டுகிற வசதி இல்லை.

தலைமை நர்ஸ் பெயர் லேமான். ஃப்ராவ் லேமான் என்று கூப்பிட வேண்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, குட்டை முடி, மார்பில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறைக்குள் வந்தால் முதலில் ஹீட்டரைத் தொடுவார், பிறகு புறங்கையால் படுக்கை விரிப்பைத் தடவுவார். சுருக்கம் இருந்தால் கையை எடுக்காமல் அப்படியே நிற்பார். நாம் ஓடிப்போய் இழுத்துச் சரிசெய்த பிறகுதான் எடுப்பார். பதிவேட்டிலும் அப்படித்தான். தப்பான வரியின் மேல் விரலை வைத்துவிட்டுக் காத்திருப்பார். தப்பு என்ன என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் வாங்கிய திட்டெல்லாம் சேர்ந்தாலும் அந்த விரலுக்கு ஈடாகாது.

பதிவு எழுதுவதைப் பற்றி அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு முழு நாள். நீல மை மட்டும். வெள்ளை மை போட்டு அழிக்கக்கூடாது. தப்பானால் ஒரே கோடு, அடித்தது படிக்கத் தெரியவேண்டும், பக்கத்தில் நம் சுருக்கொப்பம். கண் பார்த்ததையும் காது கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். 'சாப்பிடப் பிடிக்கவில்லை' என்று எழுதக்கூடாது, பிடித்ததா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்? 'கரண்டியைக் கையால் தள்ளினார்' என்று எழுது. எழுத மறந்துபோனால் மறுநாள் எழுதலாம், ஒரு மாதம் கழித்தும் எழுதலாம். மேலே 'தாமதப் பதிவு' என்று போட்டு, இன்றைய தேதியும் நம் பெயரும் போட்டால் போதும். தாமதம் குற்றமில்லை, விட்டுப்போவதுதான் குற்றம்.

"எழுதாதது நடக்காதது, ஷ்வெஸ்டர் கோமதி" என்றார். ஷ்வெஸ்டர் என்றால் நம்மூர் சிஸ்டர். அந்த ஊரில் எல்லா நர்ஸும் சொல்கிற வாசகம்தான். அவர் சொன்னால் சட்டம் மாதிரி இருக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. வார்டில் ஜெர்மன் மட்டும். நானும் ஷைலாவும் வராந்தாவில் தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் லேமான் கடிகாரத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான், நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். நோயாளிக்குப் புரியாத பாஷையை நோயாளி முன்னால் பேசக்கூடாது என்பது காரணம். நியாயமான காரணம்தான்.

நான் போய் ஐந்தாம் மாதம் நோவாக் அம்மா வந்தார். எண்பத்தாறு வயது. ஊருக்கு வெளியே ஒரு சோர்பியக் கிராமத்தில் வாழ்நாள் முழுக்க விவசாயம் பார்த்தவர். புருஷன் இல்லை. ஒரே மகன் நாட்டின் அந்தக் கோடியில், மகனுக்கு அம்மாவின் பாஷை தெரியாது. மறதி நோய் முற்றிவிட்டது. அடுப்பை அணைக்காமல் விட்டதால் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். வரும்போது அந்த ஜனத்துப் பெண்கள் உடுத்துகிற கறுத்த நீளப் பாவாடையும் தலைத்துணியும் கட்டியிருந்தார். அந்தத் தலைத்துணியைக் கட்டத் தெரிந்தவர்கள் வார்டில் யாரும் இல்லை. ஒரு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விட்டது. எல்லாரையும்போல் அவருக்கும் பூப்போட்ட கவுன் மாட்டினோம்.

காலையில் சமர்த்தாக இருப்பார். குளிக்க வைத்தால் குளிப்பார், என் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தொல்லை பன்னிரண்டு மணிக்குத்தான். அங்கே மதியச் சாப்பாடு பதினொன்றே முக்காலுக்கு வரும், பன்னிரண்டரைக்குத் தட்டுவண்டி சமையலறைக்குத் திரும்பிவிடும். நோவாக் அம்மா இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், சர்ச்சில் பன்னிரண்டு மணி அடிக்கும். கரண்டியை வைத்துவிடுவார். முகம் வெளுக்கும். ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்குவார். தன் பாஷையில், வேகமாக, மூச்சுவிடாமல். கை சும்மா இருக்காது. எதையோ பிடுங்கும், உருவும், முறிக்கும், உதறும், சீவும். கரண்டியை வாயருகில் கொண்டுபோனால் தட்டிவிடுவார். பதிவேட்டில் தினம் ஒரே வரி: 'பகல் 12 மணி, அமைதியின்மை, உணவைத் தள்ளினார்.' ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று எடை பார்ப்போம். மூன்று மாதத்தில் ஏழு கிலோ இறங்கியிருந்தது.

அவர் எப்போது நிறுத்துகிறார் என்று முதலில் கவனித்தது நான்தான். அன்று வண்டி போன பிறகும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சர்ச்சில் ஒரு மணி அடித்தது. பேச்சு பாதியில் நின்றது. தோள் இறங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மேசையைப் பார்த்து, தட்டு எங்கே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

மறுநாள் நான் ஒரு தட்டை ஒளித்து வைத்தேன். அன்று உருளைக்கிழங்கு அவித்து, கெட்டித் தயிர் மாதிரி ஒன்றும், அதன் மேல் ஆளி விதை எண்ணெயும். அந்தப் பக்கத்துச் சாப்பாடு அது. அந்த எண்ணெய் வாசனை எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் ஞாபகம் வரும். ஒன்று ஐந்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார். நாலு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் ஃப்ரிட்ஜைத் திறந்த லேமான் தட்டைக் கண்டுபிடித்தார். பரிமாறிய உணவை எடுத்துவைத்து மறுபடி கொடுக்கக்கூடாது, சுகாதார விதி. தட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு, நாலு நாள் நடந்ததை நான் சொன்னதும், பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"நாலு நாள் சாப்பிட்டிருக்கிறார். எங்கே எழுதியிருக்கிறீர்கள்?"

எழுதவில்லை. எழுதினால் விதியை மீறியது தெரிந்துவிடும்.

"அப்படியானால் சாப்பிடவில்லை" என்றார்.

அந்த வாரம்தான் சமையலறை மார்த்தாவிடம் கேட்டேன். மார்த்தா அந்த ஜனத்தைச் சேர்ந்தவர், வண்டி தள்ளுகிறவர். பாத்திரம் கழுவுகிற இடத்தில், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். உச்சிப்பொழுதில் வயலில் நிற்கக்கூடாதாம். பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை அது மத்தியானக்காரியின் நேரம். வெள்ளை உடுத்தி, கையில் அரிவாளோடு வருவாள். வயலில் நிற்கிறவளிடம் ஆளிச்செடியைப் பற்றிக் கேட்பாள். விதைத்ததிலிருந்து துணியாக நெய்கிறவரை, ஒரு மணி நேரம், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் சொல்லவேண்டும். ஒரு மணி அடித்துவிட்டால் அவளுக்கு வலு போய்விடும். நடுவில் பேச்சு நின்றால் தலை போய்விடும்.

"நோவாக் பாட்டி வயலைப் பார்த்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள்" என்றார் மார்த்தா. "அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேய்க்குப் பயந்து அல்ல. எங்கள் அம்மா, "உச்சிக்கு வாய்க்கா பக்கம் தலையக் காட்டாதட்டி, அடிச்சிரும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள். பங்குனி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு வயலில் இருந்து ஆள் ஏன் ஏறிவிடுகிறது என்று எனக்குத் தெரியும். நோவாக் அம்மா கண்ணில் இருக்கிற பயத்தை ஐந்து வயதிலேயே எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்த வார்டில் மற்ற யாருக்கும் புரியாமல் போகலாம், எனக்குப் புரியாமல் போக நியாயமே இல்லை. புரிந்தும்விட்டது. செய்ய வேண்டியதும் சுலபம். ஒரு மணிவரை பேச விட்டு, ஒன்று ஐந்துக்குப் புதிதாக ஒரு தட்டு.

ஷைலாவிடம் சொன்னேன். அவள் பஸ் நிறுத்தத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"சேச்சி, இத யாருகிட்டயும் மிண்டாதீங்க. அடுத்த மாசம் உங்க மதிப்பீடு. இந்தியாவுல இருந்து வந்தவ பேய் பிசாசுங்கான்னு ஒரு வரி ஏறிச்சுன்னா தீந்துது. நர்சா மந்திரவாதியான்னு கேப்பாங்க."

"அது நம்ம பேய் இல்லட்டி, அவங்க பேயி."

"யாரு பேயின்னாலும் சொல்லுதது நீங்கல்லா."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. கெட்ட யோசனை என்றால் தள்ளியிருப்பேன்.

அடுத்த வாரம் நோவாக் அம்மாவைப் பற்றிக் கலந்தாய்வு. மேசையைச் சுற்றி லேமான், டாக்டர், நான். மகன் போன் ஸ்பீக்கரில். லேமானுக்கு முன்னால் எடை அட்டவணை. அவர் இடதுபக்கம் ஒரு மஞ்சள் கோப்பு, அதன் முதுகில் என் பெயர். அதை வேண்டுமென்றே கொண்டுவந்தார் என்று சொல்லமாட்டேன். அடுத்த வேலை அதுவாக இருந்திருக்கும்.

டாக்டர் பத்து நிமிடம்தான் இருந்தார். மதியத்தில் அமைதியின்மை, எடை குறைவு, பதினொரு மணிக்கு நரம்பைத் தணிக்கிற ஒரு சொட்டு மருந்து கொடுத்தால் அமைதியாகச் சாப்பிடுவார் என்றார். மகன், "அம்மா கஷ்டப்படாமல் இருந்தால் சரி" என்றார். பாவம், நல்ல மனிதர்தான்.

லேமான் என் பக்கம் திரும்பினார். "ஷ்வெஸ்டர் கோமதி, நீங்கள்தான் அவரோடு அதிக நேரம் இருக்கிறீர்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

விரலை அட்டவணையின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வழக்கத்தைவிட நீளமாகக் காத்திருந்தார். நான் மஞ்சள் கோப்பைப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன்.

மறுநாளிலிருந்து பதினொரு மணிக்குச் சொட்டு மருந்து. கொடுத்தது என் கை. பதிவு அழகாக இருந்தது: 'பகல் 12 மணி, அமைதி.' தலை தொங்கிக்கொண்டிருக்க, கரண்டியால் ஊட்டினோம். பாதி கடைவாயில் வழிந்தது. எடை அரைக்கிலோ ஏறியதும் டாக்டர் சந்தோஷப்பட்டார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மருந்து பாதிதான் பிடித்தது போலிருக்கிறது. பன்னிரண்டு அடித்தபோது கண்ணைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். பேச வாயைத் திறந்தார், நாக்கு புரளவில்லை. ஒரு சத்தம் வந்தது, அது வார்த்தையாக ஆகவில்லை. மறுபடி முயன்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியை நான் எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நீயாவது பேசு என்கிறார் என்று எனக்குப் பட்டது.

நான் பேசினேன். ஆளிச்செடியை நான் கண்டதில்லை, எனக்குத் தெரிந்தது நெல். வார்டில் ஜெர்மன் மட்டும் என்ற விதியை மறந்து தமிழில் தொடங்கினேன். விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டுவது, நாற்றங்கால், சேற்றில் தொளி உழவு, குப்பை அடிப்பது, மரம் அடித்து மட்டமாக்குவது, நாற்றுப் பறிப்பது, நடவு, களை, பால் பிடிப்பது, கதிர் முற்றுவது, அறுப்பு, கட்டுக் கட்டுவது, களத்தில் அடிப்பது, தூற்றுவது, அவிப்பது, குத்துவது, புடைப்பது, உலை வைப்பது, வடிப்பது. அவர் பிடி கொஞ்சம் தளர்ந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வயல்காரன் மகள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு நெல்லைப் பற்றி இருபது நிமிடம்தான் சரக்கு. அந்த அம்மாள் தினம் ஒரு மணி நேரம், திரும்பச் சொல்லாமல், பட்டினி கிடந்து சொல்லியிருக்கிறார். நான் விதைநெல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் திரும்பச் சொல்கிறேன் என்பது தெரிந்துவிட்டது. கையை என் மணிக்கட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். ஏழாம் அறையில் அழைப்பு மணி அடித்தது. நான் எழுந்து போனேன்.

போகும்போது வாசலில் லேமான் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாளில் நோவாக் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மயக்கத்தில் ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கும், நுரையீரலில் சீழ் பிடிக்கும். முதல் வருட மாணவிக்கும் தெரிகிற பாடம். கதையில் என்றால் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இறந்திருப்பார். அவர் இறந்தது காலை ஒன்பதரைக்கு, நான் பக்கத்து அறையில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது.

அடக்கத்துக்கு அவர் கிராமத்துச் சர்ச்சுக்குப் போனோம். துக்கத்துக்கு அந்த ஜனத்துப் பெண்கள் வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். நாலு கிழவிகள் தலையிலிருந்து இடுப்புவரை வெள்ளை போர்த்தி முன்வரிசையில் நின்றார்கள். பாட்டுத் தொடங்கியது, அவர்கள் பாஷையில். எங்களுக்குப் பாட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். மகனும் அதை வைத்துக்கொண்டு திணறினார். எனக்குப் பக்கத்தில் லேமான். அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மெல்லிய குரலில், ஆறு செய்யுளையும், ஒரு சொல் விடாமல் பாடினார்.

வெளியே வந்து அவர் கார் பக்கம் நின்றபோது கேட்டேன்.

"அவர் மத்தியானம் பேசியது உங்களுக்குப் புரிந்ததா?"

"ஒவ்வொரு வார்த்தையும்." சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "ஒரு நாள்கூட ஒரு வரியைத் திரும்பச் சொன்னதில்லை. வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் ஏன் சொல்லவில்லை? மார்த்தா உங்களிடம் சொன்னதை என்னிடமும் வந்து சொன்னாள். கலந்தாய்வில் நான் உங்களைக் கேட்டேன். காத்திருந்தேன்."

"எனக்கு உங்கள் கையெழுத்து வேண்டியிருந்தது."

தலையை ஆட்டினார், கணக்குச் சரியாக வந்ததுபோல். "பள்ளிக்கூடத்தில் அந்தப் பாஷை பேசியதற்காக என்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை இப்போது சொல்ல விரும்பவில்லை. அன்று அதைப் பேசுவதை நிறுத்தினேன். என் கணவருக்கே தெரியாது. நாற்பது வருடம் கழித்து, டாக்டர் முன்னால், மத்தியானப் பேய் என்று நான் சொல்வதா? நீங்கள் வெளியூர்க்காரி, நீங்கள் சொன்னால் ஆராயலாம் என்று நினைத்தேன்."

நான் வெளியூர்க்காரி என்பதால் சொல்லவில்லை. அவர் உள்ளூர்க்காரி என்பதால் சொல்லவில்லை. நடுவில் ஒரு கிழவி வாயடைத்துச் செத்துப்போனாள். இதை எந்தப் பாஷையில் சொன்னாலும் அழகாக வராது.

இரண்டு வாரத்தில் மதிப்பீடு வந்தது. எல்லாவற்றிலும் முதல் தரம். கடைசியில் லேமான் கைப்பட எழுதிய ஒரு வரி: 'நிதானமானவர், ஆதாரமில்லாத யூகங்களைத் தவிர்ப்பவர்.' அதைப் படித்தபோது அவர் என்னைப் பாராட்டுகிறாரா, தன்னையும் சேர்த்துக் காறித் துப்புகிறாரா என்று புரியவில்லை. சான்றிதழ் வந்தது. ஷைலா கேக் வெட்டினாள். மகள் படித்து முடித்தாள், கல்யாணம் ஆனது, பேரன் பிறந்தான். நான் இன்னும் பதின்மூன்று வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். லேமான் ஓய்வு பெறும்வரை நாங்கள் இருவரும் நல்ல மரியாதையாக இருந்தோம். அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

இதையெல்லாம் எழுதி முத்துராஜிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வகுப்புக்குக் கூப்பிட்டார். குற்றாலத்தில் சீசன், சாலையெல்லாம் கார். மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

"மேடம், நல்லா எழுதிருக்கீங்க. அந்தக் கிழவி சமாச்சாரத்த மட்டும் எடுத்துரலாமா? பிள்ளைக பயந்துருவாங்க. அத எடுத்தா சரியா ரெண்டு பக்கம் வருது."

"எடுத்துருங்க" என்றேன். மறுபடியும் அதே குரல்தான் வந்தது. மஞ்சள் கோப்பு எதுவும் இல்லாமலே வந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அடுத்த மாதம் விமானம் ஏறப்போகிறவள். "ஆன்ட்டி, அங்கன நாம தமிழ் பேசுனா ஏசுவாங்களா?"

"ஏசமாட்டாங்கட்டி. ரொம்ப மரியாதக்காரங்க."

அப்போது எங்கோ கோயிலில் உச்சிக்காலப் பூஜைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் டிபன் டப்பாவைத் திறந்தார்கள். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதை மகளிடம் கேஸ் தொல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மலரில் அந்த இரண்டு பக்கம் வரட்டும். வெட்டிய பக்கங்களை நானே வைத்துக்கொண்டேன். மகளின் பழைய நோட்டில் ஒரு வெள்ளைத்தாள் கிழித்து, நீல மைப் பேனா தேடி எடுத்து, லேமான் சொல்லிக்கொடுத்தபடியே எழுதியிருக்கிறேன். மேலே இன்றைய தேதி, அடித்தல் திருத்தல் இல்லை.

தாமதப் பதிவு. பகல் மணி பன்னிரண்டு. நோவாக் அம்மா ஜன்னலைப் பார்த்துப் பேசுகிறார். பயத்தில் பேசுகிறார். காரணம் எனக்குத் தெரியும், மார்த்தாவுக்குத் தெரியும், ஃப்ராவ் லேமானுக்கும் தெரியும். ஒரு மணி அடிக்கும்வரை குறுக்கிடாமல் பேச விடவும். ஒன்று ஐந்துக்குச் சூடாக ஒரு தட்டு கொடுக்கவும். தானாகவே சாப்பிடுவார். மருந்து வேண்டாம். கோமதி, நர்ஸ்.